அரசியல் வேண்டாம், சரி. தண்ணீர் வேண்டாமா? – எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கு,

ஏப்ரலில் நான் அனுப்பிய கோரிக்கைக்கு இரண்டே வரியில் பதில் வந்தது. "நம் சங்கம் அரசியல் சார்பற்றது. தேர்தல் தொடர்பான எதையும் நம் மேடையில் அனுமதிப்பதில்லை." கீழே கைகூப்பும் படம் ஒன்று.

நான் கேட்டது கோடைக்கால ஒன்றுகூடலில், சாப்பாட்டுக்கும் பட்டிமன்றத்துக்கும் நடுவே நாற்பது நிமிடம். வரும் 2026 நவம்பர் 3 அன்று இங்கே கலிபோர்னியாவில் நம் நகர மன்றத்துக்கும், பள்ளிக் கல்வி வாரியத்துக்கும், தண்ணீர், கழிவுநீர், மருத்துவமனை, பூங்கா என்று தனித்தனி வாரியங்களுக்கும் தேர்தல் நடக்கிறது. அந்த வாக்குச்சீட்டின் பின்பக்கத்தில் என்ன இருக்கிறது என்று நம் ஆட்களுக்கு விளக்க வேண்டும். அவ்வளவுதான். யாருக்கும் ஓட்டுக் கேட்கப் போவதில்லை என்று என் மடலிலேயே எழுதியிருந்தேன்.

அதே ஒன்றுகூடலின் நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். தமிழ்நாட்டிலிருந்து வரும் ஓர் அரசியல் பேச்சாளருக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருக்கிறீர்கள். அவர் வரட்டும், நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். ஆனால் "அரசியல் வேண்டாம்" என்ற விதி அவருக்கு ஏன் பொருந்தவில்லை? அங்கே சட்டமன்றத் தேர்தல் வந்தால் நம் வாட்ஸப் குழுவில் மூன்று மாதம் அடிதடி நடக்கிறது. அட்மின் தம்பி தூக்கத்தை விட்டுப் பஞ்சாயத்துப் பண்ணுகிறார். இத்தனைக்கும் அங்கே நம்மில் குடியுரிமை மாறியவர்கள் ஒருவருக்கும் ஓட்டு இல்லை. இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிய அன்றே அது போய்விட்டது. ஓட்டு இல்லாத இடத்து அரசியலுக்கு மேடை, ஓட்டு இருக்கிற இடத்து அரசியலுக்குக் கதவடைப்பு. இதை என்னால் பேசாமல் விழுங்க முடியவில்லை.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று கேட்டால், பாதிதான் உண்டு. குடியுரிமை வாங்கியபின் எனக்குத் தபாலில் வந்த முதல் வாக்குச்சீட்டு 2018 நவம்பர் தேர்தலுக்கானது. சாப்பாட்டு மேசையில் தோசைத் தட்டை ஒதுக்கிவிட்டு அதை விரித்தேன். முன்பக்கத்தில் ஆளுநர், செனட்டர் என்று தெரிந்த பெயர்கள். ஐந்து நிமிடத்தில் வட்டங்களைக் கறுப்புப் பேனாவால் நிரப்பிவிட்டேன். திருப்பினால் பின்பக்கம் முழுக்கத் தெரியாத பெயர்கள். கட்சிப் பெயரும் கிடையாது, ஏனென்றால் உள்ளூர்ப் பதவிகள் கட்சி சாராதவை. பெயருக்குக் கீழே "சிறு வணிகர்", "பொறியாளர்", "பதவியில் இருப்பவர்" என்று ஒரு வரி. யாரென்று தெரியாதவருக்கு ஓட்டுப் போடுவது பாவம் என்று எனக்கு நானே ஒரு நியாயம் சொல்லிக்கொண்டு, அந்தப் பக்கத்தை வெறுமையாகவே உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். என் கணவரும் அப்படியே செய்தார். எங்கள் தெருவில் இருக்கும் ஏழு தமிழ்க் குடும்பங்களிடம் பிறகு விசாரித்துப் பார்த்தேன். அதில் ஐந்து வீட்டில் இதே கதைதான்.

அப்புறம் ஒருநாள் தண்ணீர் வாரியத்திலிருந்து ஒரு தபால் வந்தது. வங்கி விளம்பரம் போல இருந்ததால் மறுசுழற்சித் தொட்டியில் போட்டுவிட்டேன். நாலைந்து மாதம் கழித்துத் தண்ணீர்க் கட்டணம் ஏறியது. நாங்கள் புல்தரையைப் பிடுங்கிவிட்டு, கொல்லையில் செம்பருத்தியும் கறிவேப்பிலையும் மட்டும் வைத்துச் சிக்கனமாக இருக்கிறோம். தண்ணீர் குறைந்தும் கட்டணம் கூடுவது எப்படி என்று கோபம். போன் செய்தேன். எடுத்த பெண் பொறுமையாகச் சொன்னார்: "உங்களுக்கு அறிவிப்பு அனுப்பினோமே."

அனுப்பத்தான் செய்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் 1996இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய 218ஆம் முன்மொழிவின்படி, தண்ணீர், கழிவுநீர் போன்றவற்றின் கட்டணத்தை உயர்த்தும் முன் ஒவ்வொரு வீட்டுக்கும் எழுத்து மூலம் சொல்லி, 45 நாளாவது கழித்துத்தான் பொது விசாரணை நடத்த வேண்டும். அதற்குள் பாதிக்கு மேற்பட்ட மனைகளிலிருந்து எழுத்து மூலம் எதிர்ப்பு வந்தால் அந்த உயர்வைக் கொண்டுவரவே முடியாது. நம் ஊரில் ரேஷன் கடை வாசலில் கத்தினாலும் கிடைக்காத அதிகாரம் இது. நான் அதைத் தொட்டியில் போட்டிருக்கிறேன்.

அடுத்த முறை தபால் வந்தபோது விடவில்லை. விசாரணைக்கு நேரில் போனேன். மாலை ஆறு மணி. பெரிய கூடம், வரிசையாக நாற்காலிகள். மேடையில் ஐந்து இயக்குநர்கள், ஒவ்வொருவர் முன்னும் பெயர்ப் பலகை. எதிரே நாங்கள் நான்கே பேர், அதில் ஒரு பெரியவர் சுடோகு போட்டுக்கொண்டிருந்தார். அவர் எல்லாக் கூட்டத்துக்கும் வருவாராம், பொழுதுபோக்குக்கு. எத்தனை எதிர்ப்புக் கடிதம் வந்தது என்று எழுத்தர் வாசித்தார். நம் பொங்கல் விழாவில் பரிமாறும் குழுவில் அதைவிட ஆள் அதிகம். எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். எதிரே பச்சை விளக்கு, மஞ்சள், சிவப்பு. நான் மஞ்சளிலேயே முடித்துவிட்டேன். குறைவாகத் தண்ணீர் எடுத்தாலும் மாறாத அந்த நிலைக் கட்டணம் ஏன் ஏறுகிறது என்று கேட்டேன். பழைய குழாய்களை மாற்றும் செலவு, தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் அதே செலவுதான் என்று கணக்கோடு சொன்னார்கள். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் முகத்தைப் பார்த்துப் பதில் சொன்னார்கள். அந்த ஐந்து பேரையும் தேர்ந்தெடுப்பது நாம்தான் என்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தண்ணீர் வாரியம் போன்றவற்றை இங்கே சிறப்பு மாவட்டம் என்பார்கள், நம் ஊர் மாவட்டம் போல அல்ல. ஒரே ஒரு வேலைக்காக அமைக்கப்பட்ட குட்டி அரசாங்கம். தண்ணீருக்கு ஒன்று, சாக்கடைக்கு ஒன்று, தீயணைப்புக்கு ஒன்று என்று கலிபோர்னியாவில் இரண்டாயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. தொடங்கியது விவசாயிகளால். 1887இல் ரைட் சட்டம் வந்தது. அதன்கீழ் டர்லாக் பகுதி விவசாயிகள் அந்த ஆண்டே முதல் பாசன மாவட்டத்தை அமைத்துக்கொண்டார்கள். ஆற்றுத் தண்ணீரை வாய்க்காலில் கொண்டுவர அவர்களே வாரியம் அமைத்து, அவர்களே வரி போட்டுக்கொண்டார்கள். இன்று சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் நாம் ஏறும் பார்ட் ரயிலை நடத்தும் ஒன்பது இயக்குநர்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள்தான். டிசம்பர் 10க்குள் கட்டும் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் வரிசையாக வரும் பெயர்களில் பல இந்தக் குட்டி அரசாங்கங்கள்.

2024 தேர்தலில் பின்பக்கத்தை ஒழுங்காக நிரப்பியே தீர்வது என்று உட்கார்ந்தேன். அப்போது வேறொரு அதிர்ச்சி. கழிவுநீர் வாரியத்தில் காலியாகும் இடங்களுக்குப் போட்டியிடுவோரைத் தேடினால் சீட்டில் அந்தத் தேர்தலே இல்லை. அச்சுப் பிழை என்று நினைத்து, நம் ஊர் மாவட்டம் போன்ற கவுண்டியின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். பிழை இல்லையாம். மாநிலத் தேர்தல் சட்டப்படி, சிறப்பு மாவட்டத்தில் எத்தனை இடமோ அத்தனை பேர்தான் மனு போட்டிருந்தால் தேர்தல் நடத்தத் தேவையில்லை. மனு போட்டவர்களை கவுண்டி மேற்பார்வையாளர் குழுவே நியமித்துவிடும். ஒருவருமே மனு போடாவிட்டாலும் அந்தக் குழு தகுதியான ஒருவரைப் பிடித்து உட்கார வைக்கும். அதாவது ஆகஸ்டிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நாங்கள் அக்டோபரில் பேனாவைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

அந்த ஆகஸ்டில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? கமலா ஹாரிஸைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் நடந்த பூஜையின் காணொளியை நம் குழுவில் எத்தனை பேர் பகிர்ந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள், நானும் அதில் ஒருத்தி. ஷியாமளா கோபாலனின் மகள் அவ்வளவு தூரம் போனதில் எனக்கும் பெருமைதான். ஆனால் அவர் முதன்முதலில் வென்றது எது? 2003இல் சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட வழக்கறிஞர் பதவி. வாக்குச்சீட்டில் நாம் வெறுமையாக விட்டுவிடும் அதே உள்ளூர்ப் பகுதியில் இருந்துதான் அவர் கிளம்பினார்.

ஓர் ஓட்டில் என்ன வந்துவிடும் என்று செயற்குழுவில் ஒருவர் சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். 2024 மார்ச்சில் நம் பக்கத்திலேயே, 16ஆம் நாடாளுமன்றத் தொகுதியின் முதற்கட்டத் தேர்தலில், நவம்பர் தேர்தலுக்குத் தகுதி தரும் இரண்டாம் இடத்துக்கு எவன் லோ (Evan Low), ஜோ சிமிட்டியன் என்ற இருவர் போட்டி போட்டார்கள். எண்ணி முடித்தபோது இருவருக்கும் சரியாக 30,249 ஓட்டு. மறு எண்ணிக்கையில் லோ ஐந்தே ஓட்டில் முந்தினார். அது நாடாளுமன்றத் தொகுதி. நகர மன்ற வார்டு அதில் ஒரு துண்டு.

யாருமே பார்க்காத தேர்தலில் என்ன நடக்கும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸுக்குப் பக்கத்தில் இருக்கும் பெல் என்ற சிற்றூரைச் சொல்ல வேண்டும். சுமார் 35 ஆயிரம் பேர் வாழும் ஊர், பெரும்பாலும் உழைத்துச் சாப்பிடும் லத்தீனோ குடும்பங்கள். 2005 நவம்பரில் அங்கே ஒரு சிறப்புத் தேர்தல் வைத்தார்கள். நகரம் தனக்கென்று ஒரு சாசனம், அதாவது சொந்த ஆட்சி விதிகள், வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. கேட்டாலே கொட்டாவி வரும். நானூறு பேர்கூட ஓட்டுப் போடவில்லை. சாசனம் நிறைவேறியது. மன்ற உறுப்பினர்களின் சம்பளத்துக்கு மாநிலம் வைத்திருந்த வரம்பு அதோடு அந்த ஊருக்குப் பொருந்தாமல் போனது. ஐந்து வருடம் கழித்து, 2010 ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. பகுதி நேர மன்ற உறுப்பினர்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நகர மேலாளர் ராபர்ட் ரிஸ்ஸோவின் சம்பளம் ஏறக்குறைய எட்டு லட்சம் டாலர். பிற்பாடு அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. ஜனங்கள் நகர மன்றத்தின் முன்னால் திரண்டு சத்தம் போட்டார்கள், பதவியில் இருந்தவர்களை ஓட்டுப் போட்டு இறக்கினார்கள். எல்லாம் சரிதான். ஆனால் அந்த ஐந்து வருடம் போனது போனதுதானே?

இனி உங்கள் முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். செயலாளர் தம்பி போனில் சொன்னார்: "அக்கா, நாம 501(சி)(3). தேர்தல்னு வாயைத் திறந்தா வரிவிலக்கு போயிடும்." பயம் நியாயமானது, தகவல்தான் தவறு. வரிவிலக்குப் பெற்ற அமைப்பு ஒரு வேட்பாளரை ஆதரித்தோ எதிர்த்தோ பிரச்சாரம் செய்யக்கூடாது. இந்தத் தடை 1954இலிருந்து இருக்கிறது. அதற்காகத் தேர்தல் என்ற சொல்லையே சொல்லக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வருமான வரித் துறையே 2007இல் 21 உதாரணங்களோடு ஒரு விளக்கம் வெளியிட்டிருக்கிறது. வாக்காளர் பதிவு மேசை போடலாம். எல்லா வேட்பாளர்களையும் கூப்பிட்டு, சமமாக நேரம் கொடுத்து, எவர் பக்கமும் சாயாமல் கேள்வி கேட்டால் வேட்பாளர் கூட்டமே நடத்தலாம். நான் கேட்டது அதைவிடச் சின்ன விஷயம். வேட்பாளர் ஒருவரும் வராத ஒரு விளக்கக் கூட்டம்.

சரி, தண்ணீர் வாரியம் உங்களுக்கு அன்னியமாகவே இருக்கட்டும். தமிழ்ப் பள்ளி? சனிக்கிழமை வகுப்புக்கு அரசுப் பள்ளி அறைகளை வாடகைக்கு எடுக்கிறோம். இரண்டு வருடத்துக்கு முன் அந்த வாடகை ஏறியபோது பொதுக்குழுவில் நீங்கள் கொதித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாணவர் கட்டணத்தைக் கூட்ட வேண்டி வந்தது, இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளை நிறுத்தினார்கள். வாடகையைத் தீர்மானிப்பது கல்வி வாரியம். பிரவுன் சட்டம் என்று 1953இலிருந்தே இங்கே ஒன்று இருக்கிறது. அதன்படி வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக நிகழ்ச்சி நிரலை வெளியிட்டாக வேண்டும், வருகிற யாருக்கும் பேச வாய்ப்புத் தர வேண்டும். அந்த வாடகையும் அப்படி ஒரு நிரலில் வந்த விஷயம்தான். அன்று நம்மில் ஒருவர்கூட அங்கே இல்லை. வாடகை ஏறியபின் கண்டனக் கடிதம் எழுதினோம், அதையும் ஆங்கிலம் நன்றாக எழுதுவேன் என்று என் தலையில் கட்டினீர்கள்.

நம் பிள்ளைகள் படிக்கும் தமிழுக்கு உயர்நிலைப் பள்ளியில் மொழிப்பாட மதிப்பு கொடுக்கலாமா என்பதும் உள்ளூர்க் கல்வி வாரியத்தின் கையில்தான் இருக்கிறது. தீபாவளியை மாநில விடுமுறைகளில் சேர்க்கும் சட்டத்தில் ஆளுநர் 2025 அக்டோபரில் கையெழுத்துப் போட்டதும் குழுவில் பட்டாசு படங்களாகக் கொட்டின. அந்தச் சட்டம் பள்ளிகளை மூடச் சொல்லவில்லை, மூட அனுமதிக்கிறது. மூடுவதா வேண்டாமா என்ற பேச்சு நடப்பதும் உள்ளூரில்தான். அதைப் பற்றி யாராவது ஒரு வரி போட்டீர்களா?

இன்னொன்று, கொஞ்சம் உறைப்பாகவே சொல்கிறேன். நம் விழா மலரில் வருடா வருடம் உத்திரமேரூர்க் கல்வெட்டின் படம் வருகிறது. மக்களாட்சியை உலகத்துக்குக் காட்டியது நாம்தான் என்று கட்டுரை வருகிறது. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஊரை முப்பது குடும்புகளாகப் பிரித்துக் குடவோலையில் தேர்ந்தெடுத்தார்கள். எதற்கு? ஏரி வாரியத்துக்கு, தோட்ட வாரியத்துக்கு, பொன் வாரியத்துக்கு. நிலமும் வீடும் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், என்னை அந்த ஊர்ச் சபை வாசலில்கூட விட்டிருக்காது. இருக்கட்டும். ஏரியைப் பார்த்துக்கொள்ளத் தனியாக ஒரு வாரியம், அதற்குத் தேர்வு. இங்கே நம் வாக்குச்சீட்டில் வரும் தண்ணீர் வாரியமும் அந்த வேலைக்குத்தான். கல்வெட்டுக்கு முழுப் பக்கம், இதற்கு நாற்பது நிமிடம் கிடையாது.

குடியுரிமை இல்லாமல் எச்-1பி விசாவில், கிரீன் கார்டில் இருப்பவர்களுக்கு இதனால் என்ன என்று கேட்கலாம். அவர்கள் ஓட்டுப் போடக்கூடாது, தவறிப்போய்ப் பதிவுகூடச் செய்துவிடக்கூடாது. குடியுரிமை விண்ணப்பத்துக்கே ஆபத்து. சான் பிரான்சிஸ்கோவில், 2016 வாக்கெடுப்பின்படி, குடியுரிமை இல்லாத பெற்றோர் கல்வி வாரியத் தேர்தலில் ஓட்டுப் போடலாம், நாம் இப்போது வாழும் இந்த ஊரில் அது இல்லை. ஆனால் கூட்டத்தில் எழுந்து பேச எந்தக் கார்டும் வேண்டாம். பத்து வருடமாக வரிசையில் நிற்கிற குடும்பங்கள் நம்மிடம் எத்தனை இருக்கின்றன? அவர்களும் தண்ணீர்க் கட்டணம் கட்டுகிறார்கள். அவர்கள் பங்குக்கும் சேர்த்துக் கேட்க வேண்டியது ஓட்டு வைத்திருக்கும் நாம்தான். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்களும் ஒதுங்க வேண்டியதில்லை. சான்டா கிளாரா கவுண்டியில் சில இடங்களுக்குத் தமிழில் மாதிரி வாக்குச்சீட்டே வைக்கிறார்கள். பார்த்துப் புரிந்துகொள்ள மட்டும்தான், அதிலேயே குத்த முடியாது. ஆனாலும் அதில் "தண்ணீர்" என்று தமிழில் பார்த்தபோது என் மாமியாருக்கு வந்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இவை.

ஏப்ரல் முடிவைச் செயற்குழு திரும்பப் பெற்று, அதைக் கூட்டக் குறிப்பில் எழுத வேண்டும். விளக்கக் கூட்டத்தை ஜூன் மாதத்துக்குள் வையுங்கள். இந்த வருடம் உள்ளூர்ப் பதவிகளுக்கு மனு வாங்கும் காலம் ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. பதவியில் இருப்பவர் நிற்காவிட்டால் மட்டும் இன்னும் ஐந்து நாள் கிடைக்கும். நகர மன்றத்துக்கு நிற்க இருபது முதல் முப்பது வாக்காளர்களின் கையெழுத்துப் போதும், நம் பொட்லக் விருந்தில் ஒரு மேசையைச் சுற்றி வந்தாலே கிடைத்துவிடும். நம்மில் ஒருவருக்காவது நிற்கலாமே என்று தோன்றினால் அது ஜூலைக்கு முன் தோன்ற வேண்டும்.

செப்டம்பரில் எல்லா வேட்பாளர்களையும் அழைத்து ஒரு கூட்டம் நடத்துங்கள். நாம் தனியாக நடத்தப் பயமாக இருந்தால் தெலுங்கு, குஜராத்தி அமைப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம். நடுநிலையாக நடத்தித் தர லீக் ஆஃப் விமன் வோட்டர்ஸ் அமைப்பைக் கேட்கலாம், 1920இலிருந்து அவர்களுக்கு இதுதான் வேலை.

அக்டோபர் 19 வாக்காளர் பதிவுக்குக் கடைசி நாள். அதற்கு முன் வரும் நிகழ்ச்சிகளில் ஃபில்டர் காபி மேசைக்குப் பக்கத்தில் ஒரு பதிவு மேசை. ஆட்களை நான் கொண்டுவருகிறேன்.

கடைசியாக, நகர மன்றம், கல்வி வாரியம், தண்ணீர் வாரியம் மூன்றின் நிகழ்ச்சி நிரலையும் குழுவில் பகிர அனுமதி வேண்டும். போன மாதம் நான் போட்டதை அட்மின் தம்பி நாற்பது நொடியில் அழித்துவிட்டார். அதற்கு மேலே இருந்த நடிகர் கட்சிக் காணொளி இன்னும் அப்படியே இருக்கிறது.

மே மாதச் செயற்குழுக் கூட்டத்தில் இதை நிரலில் சேர்த்து, முடிவை எழுத்தில் தாருங்கள். நான் நேரில் வருவேன். 2024 வாக்குச்சீட்டின் மாதிரியைக் கொண்டுவந்து பின்பக்கத்தை விரித்து வைக்கிறேன். பேச மூன்று நிமிடம் போதும்.

இப்படிக்கு,
2003 முதல் ஆயுள் உறுப்பினர்,
பொங்கல் விழாச் சமையல் குழு